பண்டிகை நாளைக் குறிப்பவர் யார்?

சென்னை வீடுகளின் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் ஒரே தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, இஸ்லாமிய மாதத்தின் தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம், சூலம் ஆகிய அனைத்தும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரே மையில் அச்சாகியிருப்பதால் இவை எல்லாம் ஒரே வகைத் தகவல்கள் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெவ்வேறு கணக்கும், அந்தக் கணக்கை ஏற்கவோ மறுக்கவோ உரிமை பெற்ற வெவ்வேறு அதிகாரமும் இருக்கின்றன. ஆசியாவின் சமயங்கள் தம் புனித நாட்களை எப்படிக் குறிக்கின்றன என்று பார்க்கப் புகுந்தால், வானியல் குறித்த சச்சரவுகளாக வெளியில் தெரிபவை பெரும்பாலும் ‘இன்றுதான் அந்த நாள் என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு’ என்ற கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டை, ராயபுரம், சாந்தோம் ஆகிய நான்கு இடங்களே போதும்.

அடிப்படைச் சிக்கலை முதலில் சொல்லிவிடலாம். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வர ஏறத்தாழ 29½ நாட்கள் ஆகின்றன. இப்படிப் பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்கள்தான். சூரியனின் ஆண்டோ 365 நாட்களும் கால் நாளும் கொண்டது. மிஞ்சும் 11 நாட்களை என்ன செய்வது என்பதற்குச் சமயங்கள் தந்த விடைகளே பண்டிகைகளின் நடமாட்டத்தைத் தீர்மானிக்கின்றன. நிலவை மட்டும் பற்றிக்கொண்டு சூரியனை விட்டுவிடலாம். சூரியனை மட்டும் பின்பற்றி நிலவை விட்டுவிடலாம். அல்லது நிலவு மாதங்களை வைத்துக்கொண்டே, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு மாதத்தைக் கூட்டி இரண்டையும் சேர்த்துக் கட்டலாம்.

இஸ்லாம் முதல் வழியைத் தேர்ந்தது, அதுவும் தெரிந்தே தேர்ந்தது. மாதங்கள் பன்னிரண்டுதான் என்றும், மாதங்களைத் தள்ளிப்போடும் பழைய அரபு வழக்கம் கூடாது என்றும் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தின் 36, 37 ஆம் வசனங்கள் கூறுகின்றன. அதனால் ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் நகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் நோன்பு நோற்றவர் அதே வாழ்நாளில் மார்கழிக் குளிரிலும் நோற்பார். ஓர் ஆங்கில ஆண்டுக்குள் ரமலான் இரு முறை தொடங்குவதும் உண்டு: 1997 இல் அப்படி நடந்தது, 2030 இல் மறுபடி நடக்கும்.

எந்தப் பருவத்தில் வரும் என்பதில் குழப்பமில்லை. எந்த நாளில் தொடங்கும் என்பதில்தான் குழப்பம். மாதம் 29 நாட்களா 30 நாட்களா என்பது பிறை தென்படுவதைப் பொறுத்தது. சூரியனும் நிலவும் ஒரே திசையில் சேரும் கணத்தை நொடி சுத்தமாகக் கணிக்க முடியும், ஆனால் அந்தக் கணத்தில் பிறை கண்ணுக்குத் தெரியாது. நிலவு சூரியனிடமிருந்து மணிக்கு ஏறத்தாழ அரை பாகை விலகுகிறது. போதிய அளவு விலகிய பிறகே, சூரியன் மறைந்த அடிவானத்தில் மெல்லிய கீற்றாக அது தெரியும். சென்னையில் சூரியன் மறைந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே மக்காவில் மறைகிறது. அதற்குள் நிலவு இன்னும் விலகியிருக்குமாதலால், மேற்கே இருப்பவர்களுக்குப் பிறை முந்தித் தென்படும் வாய்ப்பு அதிகம். சவூதி அரேபியாவில் பெருநாள் முடிந்த மறுநாள் திருவல்லிக்கேணியில் பெருநாள் வருவதற்கு இதுவே இயற்கையான காரணம்.

ஆனால் இயற்கை அத்துடன் நின்றுவிடுகிறது. மீதி மனிதர் எடுக்கும் முடிவு. தமிழ்நாட்டில் பிறைத் தகவல்களைக் கேட்டு நாளை அறிவிப்பவர் அரசு நியமிக்கும் தலைமை காஜி. ஆர்க்காட்டு நவாப் குடும்பத்தினர் 1795 இல் கட்டிய திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் கூடுவோரில் பெரும்பாலோர் அந்த அறிவிப்பையே ஏற்கின்றனர். எனினும், உலகில் எங்கே பிறை தென்பட்டாலும் அது எல்லாருக்கும் பொருந்தும் என்போரும், தத்தம் பகுதியில் பார்த்தால்தான் செல்லும் என்போரும், கணிப்பே போதும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை என்போரும் இதே மாநிலத்தில் உண்டு. கேரளத்தில் ஒரு நாள் முன்னதாகவே பெருநாள் வந்துவிடும் ஆண்டுகளும் உண்டு. சில ஆண்டுகளில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் பிரியாணி வேகும்போது பக்கத்து வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள்.

இதே வாதம் இந்தோனேசியாவில் இன்னும் பெரிய அளவில், இன்னும் அமைப்பு ரீதியாக நடக்கிறது. 1912 இல் யோக்யகர்த்தாவில் தொடங்கப்பட்ட முஹம்மதியா இயக்கம் கணிப்பை நம்புகிறது. சூரியன் மறையும்போது நிலவு அடிவானத்துக்குச் சற்றே மேலிருந்தாலும் மாதம் பிறந்துவிட்டதாக அது நெடுங்காலம் கருதிவந்தது. 1926 இல் தோன்றிய நஹ்த்லத்துல் உலமா கண்ணால் பார்ப்பதை வலியுறுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே அரசின் சமய அமைச்சகம் ஆண்டுதோறும் கூட்டம் நடத்தி அதிகாரபூர்வ நாளை அறிவிக்கிறது. அண்டை நாடுகளுடன் ஒத்துக்கொண்ட அளவுகோலின்படி நிலவு குறைந்தது 3 பாகை உயரத்திலும், சூரியனிடமிருந்து 6.4 பாகை விலகியும் இருக்க வேண்டும். 2023 இல் முஹம்மதியாவினர் ஏப்ரல் 21 அன்று பெருநாள் தொழுகை நடத்தினர். அரசு அறிவித்த நாள் ஏப்ரல் 22. இரு தரப்பினரும் கையாளும் வானியல் எண்கள் ஒன்றேதான் என்பதைக் கவனிக்க வேண்டும். நிலவு எங்கே இருந்தது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

ஜாவாத் தீவு இதற்கும் முந்தைய ஒரு திருப்பத்தைக் கண்டிருக்கிறது. அங்கே இந்தியாவிலிருந்து சென்ற சக ஆண்டுக் கணக்கு வழங்கிவந்தது. 1633 இல் மத்தாராமின் அரசர் சுல்தான் அகுங் மாதங்களை இஸ்லாமிய முறைப்படி நிலவு மாதங்களாக மாற்றினார். ஆனால் ஆண்டின் எண்ணை மட்டும் 1555 என்று சகக் கணக்கிலேயே தொடரவிட்டார். மக்கள் எண்ணிப் பழகிய ஆண்டைப் பறிக்காமல் அவர்களது பண்டிகைகளை நகர்த்திய அந்த ஆணையில் ஓர் அரசியல் நுட்பம் இருக்கிறது. பக்கத்துத் தீவான பாலி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே இன்றும் சக ஆண்டின் பிறப்பு மார்ச் மாதத்தை ஒட்டிய ஓர் அமாவாசைக்கு மறுநாள் வருகிறது. அன்று விளக்கேற்றுவதில்லை, வெளியே நடமாடுவதில்லை, விமான நிலையம்கூட மூடப்படுகிறது. நம்மூர்த் தெலுங்குக் குடும்பங்கள் யுகாதிப் பச்சடி வைக்கும் நாளுக்கு அது மிக அருகிலேயே விழும்.

மாதத்தைக் கூட்டிச் சரிசெய்யும் வழியை இந்தியாவும் சீனாவும் ஏறத்தாழ ஒரே விதியைக் கொண்டு கையாள்வது வியப்புக்குரியது. சூரியன் எந்த ராசிக்குள்ளும் நுழையாமலேயே கழிந்துவிடும் நிலவு மாதம் அதிக மாதம் என்பது இந்திய விதி. சீனர்கள் சூரியனின் பாதையைப் பகுத்து வைத்திருக்கும் பன்னிரண்டு முதன்மைப் புள்ளிகளில் ஒன்றுகூட விழாத மாதமே அவர்களுக்குக் கூடுதல் மாதம். ஏறத்தாழ 32, 33 மாதங்களுக்கு ஒரு முறை இது நேரும். விதி ஒன்றாயிருந்தாலும், அதைச் செலுத்தும் இடமும் நேரமும் மாறும்போது விடை வெகுவாக மாறிவிடும். 1984 டிசம்பரில், அந்தப் பன்னிரண்டு புள்ளிகளில் ஒன்றான, சூரியன் தென்கோடியை எட்டிய கணம் பெய்ஜிங் நேரப்படி 22 ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்றுப் பின், ஹனோய் நேரப்படி 21 ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன். புதிய நிலவு மாதம் 22 ஆம் தேதி தொடங்கியதால், அந்தக் கணம் சீனக் கணக்கில் புது மாதத்திலும் வியட்நாம் கணக்கில் பழைய மாதத்திலும் விழுந்தது. விளைவாக 1985 இல் வியட்நாமியர் ஜனவரி 21 அன்றும், சீனர்கள் பிப்ரவரி 20 அன்றும் புத்தாண்டு கொண்டாடினர். ஒரு மணி நேர வித்தியாசம் பண்டிகையை ஒரு மாதம் தள்ளிவிட்டது. எந்த ஊர் நேரத்தைக் கொள்வது என்பது அரசு எடுக்கும் முடிவு. சீனப் பேரரசர்கள் இதை நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிடுவது பேரரசரின் தனியுரிமையாக இருந்தது, கொரிய அரசவை அதைப் பெற்றுக்கொள்வது அடங்கி நடப்பதன் அடையாளமாக இருந்தது.

பௌத்தர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தேரவாத மரபில் புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் மூன்றும் வைசாகப் பௌர்ணமி ஒன்றிலேயே அடங்கும். 2007 மே மாதத்தில் 1 ஆம் தேதியை ஒட்டி ஒன்றும் 31 ஆம் தேதி ஒன்றுமாக இரு பௌர்ணமிகள் வந்தன. இலங்கை முதலாவதையும், தாய்லாந்தும் சிங்கப்பூரும் இரண்டாவதையும் தேர்ந்தன. ஜப்பானியரோ 1873 இல் மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியபோது நிலவையே கைவிட்டுவிட்டதால், புத்தரின் பிறந்தநாளை ஏப்ரல் 8 என்று நிலையாக வைத்துக்கொண்டனர். ஞானம் பெற்ற நாளும் பரிநிர்வாண நாளும் அங்கே வேறு மாதங்களில் வருகின்றன. சென்னையில் எழும்பூர் கென்னட் சந்தில் உள்ள மகாபோதி சங்கத்தில் பௌர்ணமி நாளே கொண்டாட்டம். இந்த ஊரின் பௌத்தத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1898 இல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், தீபாவளி, கார்த்திகை தீபம் முதலியவற்றின் நாளில் கை வைக்காமல் அவற்றின் கதையை மட்டும் மாற்றி, அவை ஆதியில் பௌத்தப் பண்டிகைகளே என்று வாதிட்டார். நாளை மாற்றுவதைவிட நாளுக்குச் சொல்லப்படும் காரணத்தை மாற்றுவது எளிது என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார் போலும்.

தமிழரின் மாதங்கள் சூரியனுக்குரியவை. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாளே சித்திரை முதல் நாள். ஏப்ரல் நடுவில் வரும் இந்த நுழைவைத்தான் இலங்கையின் சிங்களரும் தமிழரும், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, பர்மா நாட்டினரும் புத்தாண்டாகக் கொள்கின்றனர். இந்தியச் சித்தாந்த நூல்களின் கணக்கு கடல் கடந்து அங்கெல்லாம் சென்றதன் விளைவு அது. இதிலும் ஓர் உள்விவகாரம் இருக்கிறது. சூரியன் மறைவதற்குள் மேஷ நுழைவு நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் வழக்கு. நண்பகல் கடந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமானாலே அடுத்த நாள்தான் என்பது கேரள வழக்கு. ஆகவேதான் 2023 இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14 ஆகவும், விஷு ஏப்ரல் 15 ஆகவும் அமைந்தன. சென்னையில் வாழும் மலையாளிகள் ஒரு நாள் தாமதமாகக் கணி காண்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இந்தச் சூரியக் கணக்கில் ஆழமான ஒரு பிசகு இருப்பதை வானியல் அறிந்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். இரவும் பகலும் சமமாகும் நாளும் மேஷ நுழைவும் கி.பி. 285 ஐ ஒட்டி ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெதுவாகச் சுழல்வதால் அவை ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இன்று மூன்று வாரங்களுக்கு மேல் பிரிந்துவிட்டன. 1952 இல் மேக்நாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, நாடெங்கும் சுமார் 30 நாட்காட்டிகள் வழங்குவதைத் தொகுத்து, சமநாளை ஒட்டிய ஒரு தேசிய நாட்காட்டியை வகுத்தது. 1957 மார்ச் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் இன்றும் அச்சாகிறது. அந்தக் கணக்கின்படி சைத்திரம் முதல் நாளைப் புத்தாண்டாகக் கொண்டாடும் ஒரு குடும்பத்தைச் சென்னையில் தேடிப் பிடிப்பது கடினம். அறிவியல் அடிப்படையில் குறை சொல்ல முடியாத ஒரு நாட்காட்டியைக் கோயிலோ மடமோ சாதிச் சங்கமோ அரசியல் கட்சியோ எதுவும் தன்னுடையது என்று கொள்ளவில்லை. அதன் தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே ஒன்று இருக்கிறது: தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008 இல் சட்டம் இயற்றப்பட்டது, ஆட்சி மாறியதும் 2011 இல் அது நீக்கப்பட்டது. அங்கே இரு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள், ஆகவே விவாதம் இன்றும் உயிரோடிருக்கிறது.

கோயில்களுக்குள் போனால் பிளவு இன்னும் நுணுக்கமாகிறது. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திர வாக்கியங்களிலிருந்து கிரக நிலைகளைக் கணிக்கிறது. திருக்கணிதம் நவீன வானியல் அளவீட்டுடன் ஒத்துப்போகுமாறு கணிக்கிறது. வீடுகளில் புழங்கும் பாம்புப் பஞ்சாங்கம் முன்னதைச் சேர்ந்தது. திதிகளில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சில நாழிகைகள்தான், ஆனால் மெதுவாக நகரும் சனியின் விஷயத்தில் அது மாதக்கணக்காகப் பெருகிவிடுகிறது. சனி ஓர் ஆண்டில் 12 பாகைதான் நகர்கிறது. கணக்கில் சில பாகை பிசகினாலே பல மாதங்கள் தள்ளிப்போகும். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்று நிகழ்ந்த சனிப்பெயர்ச்சியை வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் அதே ஆண்டு டிசம்பர் 20 அன்றுதான் நடத்தியது. தொலைநோக்கியில் தெரியும் சனி எங்கே இருந்தாலும், பக்தர்கள் நளதீர்த்தத்தில் நீராடிய நாள் கோயில் சொன்ன நாள்தான்.

சௌகார்பேட்டையில் தீபாவளியின் முறையே வேறு. தமிழர்களுக்கு அது விடியலுக்கு முன் சதுர்த்தசியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். மார்வாடி, குஜராத்திக் குடும்பங்களுக்கு அது மாலையில் அமாவாசை இருக்கும்போது செய்யும் லட்சுமி பூஜை. இரண்டும் ஒரே தேதியில் அமையும் ஆண்டுகளும் உண்டு, அடுத்தடுத்த நாட்களில் அமைவதும் உண்டு. சமணர்களுக்கு அந்த அமாவாசை மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள், கி.மு. 527 இலிருந்து எண்ணப்படும் அவர்களது ஆண்டு மறுநாள் தொடங்குகிறது. ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கோரும் சம்வத்சரி நாள் பழைய மரபில் பாத்ரபத வளர்பிறைப் பஞ்சமி. அன்றைக்கு இந்திர விழா இருந்ததால் அரசன் கேட்டுக்கொண்டதன்பேரில் காலகாசாரியர் அதை ஒரு நாள் முன்னால் சதுர்த்திக்கு மாற்றினார் என்று சுவேதாம்பர மரபுக் கதை சொல்கிறது. உருவ வழிபாடு செய்யும் சுவேதாம்பரர்கள் இன்றும் சதுர்த்தியையும், உருவ வழிபாடு செய்யாத ஸ்தானகவாசிகள் பஞ்சமியையும் கொள்கின்றனர். அரசனின் வசதிக்காக ஆசாரியர் ஒருவர் புனித நாளை நகர்த்தலாம் என்று ஒரு மரபே எழுதி வைத்திருப்பது அரிது.

கிறிஸ்தவர்களின் சங்கதி சென்னையின் சொந்த வரலாற்றோடு பின்னியது. கத்தோலிக்க உலகம் 1582 இல் ஜூலியன் நாட்காட்டியைத் திருத்தியது. போப்பாண்டவரின் ஆணை என்பதால் ஆங்கிலேயர் 1752 வரை அதை ஏற்கவில்லை. ஆகவே பதினேழாம் நூற்றாண்டில் சாந்தோம் கத்தோலிக்கர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடிப் பத்து நாட்கள் கழித்தே, சில மைல் வடக்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் டிசம்பர் 25 பிறந்தது. அரண்மனைக்காரத் தெரு என்றும் வழங்கும் ஆர்மீனியன் தெருவில் 1772 இல் எழுந்த தேவாலயத்தைக் கட்டிய ஆர்மீனிய வணிகர்களுக்கோ டிசம்பர் 25 ஒரு பொருட்டே இல்லை. இயேசுவின் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்து ஜனவரி 6 அன்று கொண்டாடுவது அவர்கள் திருச்சபையின் வழக்கம்.

ராயபுரத்தில் 1910 இல் கட்டப்பட்ட அக்னி ஆலயத்தைச் சுற்றி வாழும் பார்சிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆயினும் அவர்களின் சமயத்தில் மூன்று நாட்காட்டிகள் உண்டு. பழைய முறையில் ஆண்டுக்குத் துல்லியமாக 365 நாட்கள். கால் நாளைச் சேர்ப்பதில்லை என்பதால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் அது பின்வாங்கும். இந்தியாவில் இடைக்காலத்தில் ஒரு முறை ஒரு மாதம் கூட்டப்பட்டது, ஈரானில் கூட்டப்படவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஒரு மாத வேறுபாடு தெரியவந்ததும், 1745 இல் சூரத்தில் ஒரு பிரிவினர் ஈரானியக் கணக்குக்கு மாறினர். சமூகமே ஷாஹன்ஷாஹி, கத்மி என்று இரண்டாகியது. 1906 இல் கர்ஷேத்ஜி காமா முன்வைத்த மூன்றாவது முறை மார்ச் 21 இல் ஆண்டைத் தொடங்குகிறது. பெரும்பாலோர் இன்னமும் ஆகஸ்ட் நடுவில்தான் புத்தாண்டு கொண்டாடுகின்றனர்.

வெளியாருக்கு இது வீண் பிடிவாதமாகத் தெரியலாம். ஆனால் ஜரதுஷ்டிரரின் சமயத்தில் வழிபாட்டின்போது அன்றைய நாளின் பெயரையும் மாதத்தின் பெயரையும் சொல்லியே வேண்டுகிறார்கள், ஒவ்வொரு நாளும் ஒரு தெய்வ ஆற்றலுக்கு உரியது. நாள் தவறானால் வேண்டுதலே வேறு முகவரிக்குப் போய்விடும் என்பது அவர்களது அச்சம். மயிலாப்பூரில் ஒரு புரோகிதர் சொல்லும் சங்கல்பத்தையும் இதே நோக்கில் கேட்கலாம். ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று காலத்தை முழுதும் பெயர் சொல்லிக் குறித்த பிறகே கருமம் தொடங்குகிறது. டிசம்பர் 22 ஐ ஒட்டியே சூரியன் வடக்கே திரும்பிவிடுகிறது. ஆனால் தை பிறக்கும் வரை அவர் தட்சிணாயனம் என்றே சொல்வார், எதிரே அமர்ந்திருப்பவரும் அதையே திருப்பிச் சொல்வார்.